வட்டம் சுருங்கட்டும்

போனில் வரைபடத்தைத் திறந்தால் நாம் நிற்கிற இடத்தில் ஒரு நீலப் பொட்டு வரும். அதைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டமும் வரும். இதற்குள் எங்கேயோதான் நீ நிற்கிறாய், சரியாக எங்கே என்று எனக்கே தெரியவில்லை என்று போன் ஒப்புக்கொள்வதுதான் அந்த வட்டம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் சுருங்கும். முப்பது மீட்டர் பதினைந்தாகும், பதினைந்து எட்டாகும். யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? டீக்கடை ரோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தால் நமக்குப் போதும். போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறோம்.

அந்த வட்டம் சுருங்குகிற வரை நிற்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். உச்சி வெயில். கண்மாய்க்குள் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சுற்றிலும் சீமைக்கருவேல முள். துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, அசையாமல் நிற்பாள். நான் கரை மேல் உட்கார்ந்துகொண்டு, போதும் வாங்க, ரெண்டு மணி பஸ் போயிரும் என்று கத்துவேன். "வட்டம் சுருங்கட்டும்" என்று மட்டும் பதில் வரும். ஐந்து மீட்டருக்குக் கீழே வந்தால்தான் புள்ளி வைப்பாள். ஒரே ஒரு மீட்டருக்காக எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டிருக்கிறோம்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை, இருக்கக் கூடாத இடத்தில் அந்தப் பெயரை இருக்க விட்டுவிட்டேன். அதனால் வந்ததுதான் மற்றதெல்லாம். இங்கே அவள் என்றே இருக்கட்டும்.

எங்கள் ஆபீஸ் அருப்புக்கோட்டையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், மாடியில் இரண்டு அறை. கண்மாய்களைப் பற்றித் தகவல் திரட்டுகிற சின்ன அமைப்பு. நான் சென்னையில் ஆறு வருஷம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியவள். டவுனில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. அவள் திருச்சுழியில் இறங்கி இன்னொரு பஸ் மாறிப் போகிற ஊர்க்காரி. அப்பா இல்லை. அம்மா மிளகாய் எடுக்கவும் களை வெட்டவும் போய்ப் படிக்க வைத்தார். அவர்கள் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவள் அவள்தான். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களையெல்லாம் இணையத்தில் ஒரு வரைபடமாகப் போடுவது எங்கள் வேலை. அடியில் சாதாரண வரைபடம். அதன் மேல் கண்மாய் ஒவ்வொன்றும் ஒரு நீல வடிவம், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் ஒரு கோடு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை ஒரு புள்ளி. இவற்றைப் படமாக ஒட்டுவதில்லை. ஒவ்வொரு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்துவிட்டால் நிரல் தானே வரைந்துகொள்ளும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கலங்காது. மவுஸைக் கொண்டு போனால் ஓரம் தடிக்கும். தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறந்து, கண்மாயின் பேர் என்ன, எத்தனை மடை, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கு எந்தப் பக்கம் என்று சொல்லும். அதெல்லாம் என் பாடு. எண்களைக் கொண்டு வருவது அவள் பாடு.

எனக்கு அவசரம் பிறவிக் குணம். வந்த வாரத்திலேயே, எதற்காக வெயிலில் அலைய வேண்டும், ஆகாயத்திலிருந்து எடுத்த படம்தான் இருக்கிறதே என்று, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரே நாளில் இருபது கண்மாய்களை வரைந்து முடித்தேன். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்மாயை ஒட்டியிருந்த பச்சையைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். வயல் என்றேன். நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள்.

மறுநாள் போனோம். அது வயல் இல்லை. கண்மாயேதான். உள்ளே ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது பச்சைப் பசேல் என்று பயிராகத் தெரியும். நான் பச்சையையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, நடுவில் மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்த பொட்டலைக் கண்மாய் என்று வளைத்திருந்தேன். மூட்டத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கண்மாய வெளிய தள்ளிட்டு கரிமூட்டத்துக்குல்ல வேலி போட்டுருக்கீக."

இருபதையும் அழித்தேன். அதற்குப் பிறகு அவள் நிற்காத இடத்தில் நான் புள்ளி வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

அவள் கொண்டுவந்த எண்களை முதன்முதலில் ஏற்றிய நாளும் நினைவிருக்கிறது. ஏற்றிவிட்டுப் பார்த்தால் வரைபடத்தில் ஒரு கண்மாயையும் காணோம். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெறுத்துப் போய் வரைபடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தபோது, உலகத்தின் உச்சியில், வட துருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் நீலமாக ஏதோ மிதந்தது. பெரிதாக்கினால் எல்லாம் நம் கண்மாய்கள். எண்கள் இருந்த கோப்பு தீர்க்கரேகையை முதலில் சொல்லும், என் நிரல் அட்சரேகையை முதலில் கேட்கும். நம் ஊர் ஒன்பதரைக்கும் எழுபத்தெட்டுக்கும் அங்கே இடம் மாறிவிட்டது. கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பனிக்கடலில் கிடந்த ஒவ்வொரு கண்மாயாகத் தொட்டுப் பெயரை வாசித்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் அங்கயே கெடக்கட்டும். தண்ணிய பாத்து எத்தன வருசமாச்சு" என்றாள்.

நிஜமாகவே அன்றைக்கு என்னைச் சரிசெய்ய விடவில்லை. இப்போது ஆபீசில் எங்காவது வடிவம் காணாமல் போனால் நான் முதலில் துருவத்துக்குத்தான் போய்ப் பார்க்கிறேன். போகிறபோதெல்லாம் அவள் சிரிப்பு ஞாபகம் வந்துவிடுகிறது.

புள்ளிக்கு மட்டும் என்றில்லை, எல்லாவற்றுக்கும் அவளுக்கு வட்டம் சுருங்க வேண்டும். புதுச் சுடிதார் எப்படி என்று கேட்டால் உடனே சொல்ல மாட்டாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, கழுத்துப் பக்கம் நல்லாயில்ல என்பாள். அவளைப் பெண் கேட்டுப் பந்தல்குடியிலிருந்து வந்தவர்களைப் பற்றி விசாரித்தேன். "மாப்பிள்ளைக்கு வட்டம் இன்னும் நூறு மீட்டர்ல நிக்கிது" என்றாள். பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது. இந்தப் பொறுமை எனக்கு எரிச்சலாக இருந்த நாள் உண்டு. இப்போது யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது வேகத்துக்காக நிரல் சில மூலைகளைத் தானாக விட்டுவிட்டுக் கோட்டை வழவழப்பாக்கிவிடும். யாருக்கும் கண்ணில் படாது. அவளுக்குப் பட்டது. மல்லாங்கிணறு போகிற வழியில் ஒரு கண்மாயைக் காட்டி, "நான் முள்ளுல நின்ன மூலைய காணோம்" என்றாள். அதைத் தடுக்க ஒரு எண்ணை மாற்றிப் பூஜ்யம் என்று கொடுக்க வேண்டும், கொடுத்தேன். வரைபடம் கொஞ்சம் மெதுவானது. மூலை திரும்பி வந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இன்னொரு கண்மாயில் ஒரு பக்கம் முழுக்க ஆலைச் சுவர். உள்ளே விட மாட்டேன் என்றுவிட்டார்கள். இருக்கிற புள்ளிகளை வைத்து வடிவத்தை மூடிவிடலாம், நேராக ஒரு கோடு இழுத்தால் ஆயிற்று என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நிற்காத பக்கத்துக்குக் கோடு துண்டு துண்டாகத்தான் வர வேண்டும் என்றாள். அதிலிருந்து, அவள் நின்ற இடம் முழுக்கோடு, நிற்காத இடம் புள்ளிக்கோடு. தொட்டால் திறக்கிற பெட்டியின் கடைசியில் "நின்று பார்த்தவர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னதும் அவள்தான். தப்பு என்றால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் இல்லையா என்றாள். ஏறக்குறைய எல்லாக் கண்மாயிலும் அவள் பெயர்தான் வரும்.

ரொம்ப நாள் என்னை அவள் நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டாள். கடைக்காரர் வீட்டுப் பெண் என்ற மரியாதை. நானும் நீங்க என்றேன். பாலவனத்தம் பக்கத்தில் ஒரு நாள் கருவேல முள் என் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறி முறிந்தது. அழுதேன் என்றே சொல்லலாம். அவள் கரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கூச்சமாக இருந்தது, இழுத்தேன்.

"ஆடாத. நீ ஆடுனா முள்ளு உள்ள போயிரும்."

ஊக்கை வைத்து அரை மணி நேரம் நிதானமாகக் கிளறி எடுத்தாள். எடுத்த முள்ளை என் உள்ளங்கையில் வைத்து, முழுசா வந்திருச்சா பாரு என்றாள். அதிலிருந்து நாங்கள் நீ, வா, போ தான். எனக்கு அக்கா தங்கை கிடையாது. என்னை அப்படிக் கூப்பிட அப்போது வேறு ஒருத்தரும் இல்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டவுனுக்குள் வருகிற பழைய வரத்துக்கால் ஒன்று எங்கள் கடைச் சரக்கு வைக்கிற கிட்டங்கியின் பின்சுவரோடு முடிந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. அதாவது கிட்டங்கி நிற்பதே வரத்துக்காலின் மேல்தான். அவள் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் வட்டம் சுருங்குகிற வரை நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டு அப்படியே போட்டேன். கோடு கிட்டங்கிக்குள் நேராக ஓடியது. தொட்டால் பெட்டியும் அதையே சொன்னது. ஒருவரும் வந்து அப்பாவைக் கேட்கவில்லை, கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் என் நேர்மை இருந்தது. இதை எழுதும்போதுதான் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது.

கடைசியில் அவள் ஊர்க் கண்மாய்க்கு வந்தோம்.

அவர்கள் தெருவில் வரிசையாக ஒன்பது வீடுகள். எல்லா வீட்டுக்கும் முதுகுப் பக்கம் கண்மாய். மூன்றாவது வீடு அவளுடையது. நாங்கள் போனபோது அவள் அம்மா உள்ளே குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போகவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டு போனை எடுத்தாள். படியின் ஓரத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது, அதன் மேல்தான் செருப்பை விடுவார்கள். அவள் செருப்புகளைக் காலால் ஒதுக்கினாள். கல்லின் தலையில் ஒரு குறி வெட்டியிருந்தது. கண்மாயின் எல்லைக்கல். அவள் அப்பா வீடு கட்டும்போது அசைத்துப் பார்த்திருக்கிறார், வரவில்லை. அதை ஒட்டியே படி கட்டிவிட்டார். கல்லுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் கண்மாய். ஒன்பது வீடும் அந்தப் பக்கம்.

"இது எல்லைக்கல்லுன்னு இப்ப எனக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாரு வந்தாலும் படின்னு தாண்டிப் போயிருவாக" என்றாள்.

அப்படியானால் விட்டுவிடலாமே, இந்தப் பக்கத்துக்குப் புள்ளிக்கோடு போட்டுவிடலாமே என்றேன். அவள் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வட்டம் பெரிதாக இருந்தது.

உள்ளேயிருந்து அம்மா, உள்ள வாத்தா, ஏன் வாசல்லயே நிக்கிற என்று கூப்பிட்டார்.

"வட்டம் சுருங்கட்டும்மா."

நாலு மீட்டருக்கு வந்ததும் புள்ளி வைத்தாள். பிறகு மற்ற எட்டு வீட்டு வாசலுக்கும் போய், இது கண்மாய்க்குள்ள இருக்குன்னு போடப் போறேன், எங்க வீடும் சேத்துத்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். வரைபடம் அரசாங்க மேலிடத்துக்குப் போகும், நாளைக்குக் காலி பண்ணச் சொல்லி யாராவது வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. முணுமுணுத்தார்கள். ஆனால் தன் வீட்டையும் சேர்த்துத்தானே சொல்கிறாள் என்று சமாதானமானார்கள். திருச்சுழியில் பஸ் மாறித் திரும்பினோம். திருச்சுழி தாண்டியதும், எந்தக் கண்மாயையும் திரையில் ஒரு தடவை சரிபார்க்காமல் விடாதவள், இதை மட்டும் நீயே போட்டுரு, நான் பாக்கல என்றாள்.

நான் போட்டேன். திரையில் நீலம் ஒன்பது கூரைகளையும் மூடிக்கொண்டு கிடந்தது. நீலத்தை அடியில் உள்ளது தெரிகிற மாதிரி மெலிதாகத்தான் வைத்திருந்தோம், அதனால் மூன்றாவது கூரை நன்றாகவே தெரிந்தது. வடிவத்தைத் திருத்தும் நிலைக்கு மாற்றினால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் வரும். அதைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். எங்கள் கிட்டங்கிக்கு யாரும் வர மாட்டார்கள், இங்கே வருவார்கள் என்று நினைத்தேன். குழம்பு கூட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவை நினைத்தேன். இரண்டு சதுரங்களைப் பிடித்து உள்ளே இழுத்தேன். நீலம் மூன்றாவது கூரையை விட்டு விலகியது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மற்ற எட்டு வீடுகளும் நீலத்துக்குள் இருக்க, ஒரு வீடு மட்டும் வெளியே இருந்தால் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எலி கடித்த தோசை மாதிரி இருந்திருக்கிறது. வரைபடம் வெளியான இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். தொட்டிருக்கிறார். பெட்டி திறந்திருக்கிறது. நின்று பார்த்தவர் என்று போட்டு அவள் பெயர்.

அந்தச் சாயங்காலமே தெரு அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டது. எங்க வாசல்ல நின்னு நாயம் பேசிட்டு, ஒம் மக ஒங்க வீட்ட மட்டும் வெளிய எடுத்துக்கிட்டாளே என்று அவள் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். சண்டைகூடப் போடவில்லையாம். கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து மிளகாய் எடுக்கப் போகும்போது அவள் அம்மாவைச் சேர்த்துக் கூப்பிடவில்லை.

அவள் காலையில் ஆபீசுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல், என் கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். தன் வீடு வரை பெரிதாக்கிக்கொண்டே போனாள். கண்மாயைத் தொட்டாள். பெட்டி திறந்ததும் திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். உங்கம்மாவுக்காகத்தான் செஞ்சேன் என்றேன். ஒம்பது வீட்டுல எங்கம்மா ஒருத்திதான் இருக்காளா என்று கேட்டாள். நான் ஊருக்கு வந்து எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ளிய நகத்துனது கூட இருக்கட்டும். எம் பேர எடுத்திருக்கலாம்ல நீங்க."

நீங்க என்றாள். மூன்று வருஷத்துக்கு முந்தி விட்ட அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குதிகாலில் முள் ஏறியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

அந்த மாசக் கடைசியில் வேலையை விட்டாள். ஓசூர் பக்கம் ஏதோ கம்பெனி என்றார்கள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். பிறகு அந்த எண்ணும் இல்லாமல் போனது. தெருவில் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அவள் வேண்டாம் என்றதைப் பிடித்துக்கொண்டு நானும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், பயம். எட்டு வீட்டு வாசலில் நின்று நான்தான் செய்தேன் என்று சொல்கிற பயம். அவள் என்னைத் திரையின் முன்னால் விட்டுவிட்டுப் போன அன்றைக்கே இரண்டு புள்ளிகளையும் அவள் வைத்த இடத்துக்குத் திருப்பி வைத்தேன். அவள் பெயரையும் எடுத்தேன். அந்த ஒரு கண்மாயில் மட்டும் நின்று பார்த்தவர் என்பதற்கு எதிரே காலியாக இருந்தது. என் பெயரைப் போட நான் அங்கே நின்றதில்லை.

காலி பண்ணச் சொல்லி யாரும் வரவும் இல்லை. எங்கள் வரைபடத்தை மேலே யாராவது திறந்தார்களா என்றே தெரியவில்லை. வீடுகளெல்லாம் அப்படியே இருந்தன. அவள் ஒருத்திதான் அங்கே இல்லை.

போன மழைக்காலத்தில், வானம் பிளந்த மாதிரி மூன்று நாள் கொட்டியது. பல வருஷமாகக் காய்ந்து கிடந்த கண்மாய்களெல்லாம் ஒரே மூச்சில் பெருகின. அவள் ஊரில் ஒன்பது வீட்டுக்குள்ளும் தண்ணீர் போய், ஆட்கள் நாலு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் வடிந்ததும் பஸ் ஏறினேன். திருச்சுழியில் இறங்கி மாறும்போது, திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

தெருவில் பாய், தலையணை, அரிசி எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் அம்மா வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா தாயி என்றார், அவள் போய் மூன்று வருஷம் ஆனதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சத்தமாகவே ஆரம்பித்துவிட்டேன். உங்க வீட்டை வெளியே எடுத்தது நான்தான், அவளுக்குத் தெரியாது, அவள் வைத்த புள்ளி இந்தக் கல்லில்தான் இருந்தது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பாயை உதறுவதை நிறுத்திவிட்டார். அங்கங்கே நின்றவர்களும் பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அவள் அம்மா கல்லைப் பார்த்தார். செத்தையும் வைக்கோலும் ஒதுங்கிக் காய்ந்த கோடு ஒன்று சரியாக அந்தக் கல்லை ஒட்டிப் போயிருந்தது. அந்தப் பக்கம் எல்லாம் சேறு, இந்தப் பக்கம் தெரு காய்ந்து கிடந்தது.

"தண்ணி இந்தக் கல்லு வரைக்குந்தான் வந்துச்சு. அவ நிக்காத எடத்துல புள்ளி வைப்பாளா தாயி? எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவ எங்கே இருக்கா, எப்படி இருக்கா என்று கேட்டேன். நல்லா இருக்கா, போன பொங்கலுக்கு வாரேன்னு சொன்னா, வரல என்றார். எண் கேட்க வாய் வரவில்லை. அவராகவும் கொடுக்கவில்லை. அவள் சொல்லி வைத்திருக்கலாம்.

போனை எடுத்துக்கொண்டு கல்லின் மேல் நின்றேன். நீலப் பொட்டு வந்தது. சுற்றிலும் வட்டம், இருபத்தெட்டு மீட்டர், தெரு முழுக்க அதற்குள் இருந்தது. எனக்கு நிற்கத் தெரியாது. கால் மாற்றினேன், போனைத் தட்டினேன், பிறகு அவள் பிடிப்பது மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பதினாறு. பதினொன்று. ஒன்பதில் ரொம்ப நேரம் நின்றது. நான் திரும்ப வேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உள்ள வா தாயி, காப்பி போடுறேன். ஏன் வாசல்லயே நிக்கிற?"

"வட்டம் சுருங்கட்டும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து சும்மா நின்றார். நாலு மீட்டருக்கு வந்தபோது புள்ளி வைத்தேன். அவள் புள்ளியின் மேலேயே விழுந்தது. நின்று பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அவள் பெயரையும் திரும்பப் போடலாமா என்று கேட்டேன்.

"போடு. அவ நின்னது நெசந்தான" என்றார்.

இப்போது அந்தக் கண்மாயைத் தொட்டால் பெட்டியில் இரண்டு பெயர் வரும், அவளுடையது மேலே, என்னுடையது கீழே. வரைபடத்தில் வேறு எந்தக் கண்மாயிலும் அப்படி இல்லை. ஓசூரிலிருந்தோ வேறு எங்கிருந்தோ அவள் என்றைக்காவது அதைத் திறந்து, தன் வீடு வரை பெரிதாக்கித் தொட்டுப் பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான் தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது இப்போது அந்தச் சின்னப் பெட்டிக்குள் மட்டும்தான்.